நடுவில் அள்ளிய ஒரு பிடி

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் காய் பார்க்கும் வேலை அவருக்கு. மூட்டையின் மேல்காயைப் பார்க்கவே மாட்டார். மேலே நல்லதை வைத்துக் கட்டியிருப்பார்கள். முழங்கை வரை உள்ளே விட்டு நடுவில் ஒரு பிடி அள்ளுவார். ஒன்றை உடைத்து வாயில் போடுவார். மொத்த மூட்டைக்கும் அதுதான் தீர்ப்பு.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தம்பி மதுரையில் மூன்று பேரோடு சேர்ந்து ராக் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தான். அவன் டிரம் அடிப்பவன். ஹார்ட் ராக் என்று சொன்னான். எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முதல் கேசட் போட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நாலு பேரும் பம்பாய் போவதாகப் பேச்சு. அய்யா விட்டால் போவான். விடாவிட்டால் குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை தயாராக இருந்தது. அவரை மீறி எங்கள் வீட்டில் யாரும் எதையும் செய்ததில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவன். மைக் செட் கடையில் இருந்தேன். தம்பி கேசட்டை முதலில் என்னிடம்தான் கொடுத்தான். கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பக்கமும் கேட்டேன்.

முதல் பாட்டு பரவாயில்லை. கிடார் தனியாக வரும், பிறகு டிரம் வந்து விழும். இரண்டாவதும் அதேதான், கொஞ்சம் வேகமாக. மூன்றாவதில் பாடுகிறவன் மேலே போய்க் கத்தினான். சுருதி அவனை விட்டுப் போய்விட்டது. கிடார்க்காரனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. மறுபக்கத்திலும் அந்தக் கத்தல் உண்டு. கடைசிப் பாட்டில் வார்த்தை இல்லை. மலையில் பெரிய மரம் சாயும்போது முதலில் ஒரு முறிவு கேட்கும், பிறகு சத்தமே இருக்காது, அப்புறம்தான் தரை அதிரும். தம்பி அந்த நடுவைக் காலியாக விட்டு அடித்திருந்தான். அதை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை டேப் ரெக்கார்டரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தம்பியும் மதுரையிலிருந்து வந்திருந்தான். முதல் பாட்டு தொடங்கியதுமே அய்யா கையைக் காட்டினார்.

"மேல இருக்குறத எதுக்குப் போடுற? நடுவுல போடு."

நடுவில் ஓட்டி நிறுத்தினேன். மூன்றாவது பாட்டின் கத்தல் வந்தது. கொஞ்ச நேரம் கேட்டார்.

"போதும். இவன் என்ன, தேள் கொட்டுன மாதிரி கத்துறான்?"

"அய்யா, அடுத்த பக்கத்தையும் கேளுங்க," என்றான் தம்பி.

"நடுவுல சொத்தைன்னா அடியில மட்டும் நல்ல காயா இருக்கும்?"

"இது காய் இல்லய்யா."

அய்யா என்னைப் பார்த்தார். "நீ முழுசும் கேட்டயாடா?"

"கேட்டேன்."

"தேறுமா?"

"ரெண்டு பாட்டு தேறும்."

"மிச்சம்?"

"தேறாது."

"அப்பச் சரி," என்று எழுந்துபோய்க் கை கழுவினார்.

தம்பி டேப்பிலிருந்து கேசட்டை உருவினான். வாசலில் வைத்து என்னிடம் கேட்டான்.

"நான் அடிச்சது எப்படிண்ணே?"

"நல்லாருந்துச்சு. கடைசில அடிச்சது ரொம்ப நல்லாருந்துச்சு."

"அத அய்யாகிட்டச் சொல்லலயே."

"அவரு கேட்டது மொத்தத்த."

இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் கேசட்டைப் பற்றி அதையேதான் சொல்வேன்.

மறுவாரம் தம்பி லோடு ஜீப்பில் மலையேறினான். அந்த மூன்று பேரும் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு பம்பாய் போனார்கள். மதுரையில் சாமான் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டேன். அடுத்த மழைக்காலத்தில் ஸ்டோருக்குப் போனபோது அவனிடம் சொன்னேன்.

அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் புகையில் சிவந்து கிடந்தன. ஆள் பாதியாகியிருந்தான்.

"யாரு அடிக்கிறானாம்?"

"தெரியல."

இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினான்.

"கடைசிப் பாட்ட அவன் எப்படி அடிப்பான்?" என்றான்.

அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு எழுந்தான்.

"வெரசாக் கெளம்புண்ணே. இருட்டுனா ஜீப்பு கெடைக்காது."