முத்திரை குத்திய நுளம்பு வலை

எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரே, அகதி முகாமுக்கு வந்த நுளம்பு வலைகளைத் தின்றவர் நீங்கள்.

கொசுவுக்கு மறைப்பாகப் படுக்கைக்கு மேலே கட்டுகிற வலையை எப்படித் தின்பது என்று வாசகர்கள் கேட்கலாம். தின்னலாம். எப்படி என்று சொல்கிறேன்.

என்னுடைய பரல் தோணியைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். தார் வந்த இரும்புப் பீப்பாய்ப் பரல் இரண்டை வெட்டித் தட்டி, ஆணி இறுக்கி, ஓட்டைகளுக்குத் தார் பூசிச் செய்தது. ஒரு ஆள் காலை நீட்டி இருக்கலாம். இரண்டாவது ஆள் ஏறினால் இருவரும் நீந்தலாம். இரண்டு முனையிலும் பலகை வைத்த ஒரு துடுப்பு. எஞ்சின் இல்லை, கிடைக்காத மண்ணெண்ணெயைக் கேட்காது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்குச் சைக்கிளுக்கு அடுத்தபடி நம்பக்கூடிய வாகனம் இதுதான்.

இதில் ஏறி விடியற்காலையில் எங்கள் கழிக்குள் போவேன். சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரியில் இருந்து ஊருக்குள் நுழைகிற ஒடுங்கிய உப்புத் தண்ணீர். இரண்டு கரையிலும் கண்டல் மரங்கள். வெளியே ஏரிக்குப் போனால் நேவியின் துப்பாக்கிச் சூடு விழும். உள்ளே அலையும் இல்லை, நேவியும் இல்லை. நீர் பெருகும்போது உள்ளே போய், தூண்டில் போட்டு, வற்றும்போது திரும்பி வருவேன்.

மீன் எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்வது பறவைகள். வளைவில் பட்டுப்போன ஒரு கண்டல் நிற்கிறது. அதன் கொப்பில் ஒரு மீன்கொத்தி. அது குந்தியிருந்தால் கீழே குஞ்சு மீன் உண்டு. குஞ்சு மீன் இருந்தால் அதைத் தின்னக் கொடுவா வரும். கொடுவா வந்தால் என் வீட்டில் குழம்பு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

மூன்று கிழமையாக அந்தக் கொப்பு வெறுமை. நாரை இல்லை. கொக்கு இல்லை. தூண்டிலில் ஒரு கெளிறுகூட இல்லை. ஷெல் சத்தத்துக்குப் பறந்துவிட்டனவோ என்று நினைத்தேன். மடத்தனம்! ஷெல் சத்தம் அவற்றுக்குப் புதிதா? எங்களைப் போலவே அவையும் பழகிவிட்டன.

போன செவ்வாய்க்கிழமை, வழக்கமாகப் போகாத வடக்குக் கிளைக்குள் தோணியை விட்டேன். கொஞ்சத் தூரம்தான். துடுப்பு எதிலோ மாட்டியது. இழுத்தேன். வரவில்லை. தோணி சரிந்து இடுப்புவரை நனைந்ததுதான் மிச்சம்.

தண்ணீரில் இறங்கிப் பார்த்தால், கரைக்குக் கரை தடி நட்டு ஒரு வலை. மீன் வலை அல்ல. மீன் வலையில் கண் இருக்கும், சின்னது தப்பிப் போகும். இதில் தண்ணீரே யோசித்துத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு நீர்க்காகம், மீனைத் துரத்தி மூழ்கியது, இரண்டு சிறகிலும் வலை சுற்றிச் செத்துக் கிடந்தது. வலையின் பை போன்ற மடியில் கையை விட்டு அள்ளினேன். அரிசி அளவு இறால். ஊசி அளவு திரளி மீன் குஞ்சு. நகம் அளவு நண்டு. அடுத்த வருஷத்து மீன் முழுவதும் என் உள்ளங்கையில் செத்துக்கொண்டிருந்தது.

வலையின் கரையைத் தூக்கிப் பார்த்தேன். துணிப் பட்டி. அதில் வட்டமாக ஒரு முத்திரை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் முத்திரை.

வாசகர்களே, அந்த முத்திரை உங்களுக்கும் தெரியும். அதைப் புகழ்ந்து இந்தப் பத்தியில் எழுதியவன் நான்தானே!

இரண்டு மாதத்துக்கு முந்திய கதை. தீவுப் பகுதியில் இருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஊர் முகாமில் இருக்கும் குடும்பங்களுக்கு நிவாரணமாக நுளம்பு வலைகள் வந்தன. சங்கக் கட்டிடத்தில் விழா. மேசை, மாலை, கமரா. தலைவர் எழும்பிப் பேசினார்: "ஒருத்தரும் கொண்டுபோய் விக்கேலாது. ஒவ்வொரு வலையிலையும் சங்கத்தின்ரை முத்திரையை என்ரை கையாலை குத்தியிருக்கிறன்!" கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முதல் வலையை என்னிடம் தந்து கொடுக்கச் சொன்னார்கள். புஷ்பம் என்கிற தாயிடம் கொடுத்தேன். படம் எடுத்தார்கள். "இப்படிப்பட்ட தலைவர் ஊருக்கு ஒருவர் போதும்" என்று எழுதினேன்.

போதும்தான். ஒருவரே போதும்.

நான் வலையோடு நிற்கையில், இடுப்பளவு தண்ணீரில் கூடையோடு வந்தான் சின்னராசா. தலைவரிடம் கூலிக்கு நிற்பவன்.

"அண்ணை, உதிலை கை வைக்காதேங்கோ. தலைவர் ஏசுவார்."

"உது ஆரின்ரை வலையெண்டு தெரியுமோ?"

"தெரியும். நான் கூலிக்காரன், அண்ணை. கட்டச் சொன்னார், கட்டினன்."

"எத்தினை வலையை ஒண்டாச் சேத்துத் தைச்சனீங்கள்?"

"உதுக்கு ஒரு கட்டு. மிச்சம் கட்டுப் பிரிக்காமல் தலைவரின்ரை மீன் வாடிக் கொட்டிலிலை கிடக்கு. இது கிழிய அதை எடுப்பமாம்."

கத்தியை எடுத்து வலையை அறுத்தேன். அவன் தடுக்கவில்லை. மறுபக்கம் திரும்பி நின்று, "நான் காணேல்லை" என்றான்.

இடுப்பில் ஈரச் சாரத்தோடு முகாமுக்குப் போனேன். கொட்டில் வாசலில் புஷ்பம். உள்ளே அவருடைய மகள் பாயில் கிடக்கிறாள். மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கிப் போடுகிறது. அவளுக்கு மேலே நுளம்புக்கு மறைப்பாகப் பழைய சேலை ஒன்றைக் கட்டியிருந்தார். அதற்குள் காற்றும் போகாது.

"அண்டைக்கு நான் தந்த வலை எங்கை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியாது.

"என்னட்டைக் கேக்கிறியளே அண்ணை? படம் எடுத்து முடியத் திருப்பி வாங்கிப்போட்டினம். ஒழுங்காப் பிரிச்சுத் தருவம், இப்ப தாங்கோ எண்டவை. நீங்கள் அப்ப மேசையிலை ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

"வந்து சொல்லியிருக்கலாமே?"

"ஆருக்கு? தலைவருக்கோ? தலைவரைப் பேப்பரிலை புகழ்ந்த உங்களுக்கோ?" சேலையின் ஓரத்தைச் சரிசெய்தபடி சொன்னார்: "ஆஸ்பத்திரியிலை மருந்துக் குளிசை முடிஞ்சுதாம். மாரி மழை வரப்போகுது. பிள்ளையைத் திருப்பித் திருப்பிக் கடிக்காமல் ஒரு வலை கிடைச்சால் காணும், அண்ணை. படம் வேண்டாம்."

நேரே தலைவர் வீடு. கதிரையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். அறுத்த வலையை அவர் காலடியில் போட்டேன். முகம் மாறவில்லை.

"உதுக்கே இவ்வளவு தூரம் வந்தனீர்? அகதியளுக்கு வலை கட்டத் தெரியாது. கிழிச்சுப்போடுவினம். நான் பாதுகாப்பா வைச்சிருக்கிறன்."

"கழிக்குள்ளையோ?"

"வலை எண்டால் மீன் பிடிக்கத்தானே! உமக்கு அது பொழுதுபோக்கு. குருவி பாக்கிறீர், கொக்குப் பாக்கிறீர். எனக்குப் பிழைப்பு."

"குஞ்சு குறுமான் எல்லாத்தையும் வாரினால் அடுத்த வருஷம் எதைப் பிடிக்கிறது?"

அப்போதுதான் அவர் சிரித்தார். "போன மாசம் இதே விறாந்தையிலை இருந்து பொடி மீன் பொரியல் ரெண்டு தரம் வாங்கித் திண்டனீரெல்லே? அப்ப ருசியாத்தானே இருந்தது? எங்கை பிடிச்சதெண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை. உண்மை. இரண்டு தரம் வாங்கித் தின்றேன். நன்றாகவும் இருந்தது. புஷ்பத்தின் பிள்ளைக்கு மேலே தொங்க வேண்டிய வலை அன்றைக்கு என் தட்டில் இருந்தது.

வலையைத் தின்னலாம் என்றேனே, இப்போது விளங்குகிறதா? தின்றவர்களில் நானும் ஒருவன்.

புறப்படும்போது சொன்னார்: "எழுதும், நல்லா எழுதும். உம்மடை பேப்பர் வாறது கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளிலை. நாளைக்கு அதிலைதான் கடலை சுத்துவினம்."

சுற்றட்டும். கடலை தின்கிறவனும் வாசிப்பான்.

எங்கள் ஊரில் கமரா வந்தால்தான் இரக்கம் வருகிறது. கமரா போனதும் அதுவும் கூடவே போய்விடுகிறது. அந்த விழாவைப் பற்றி நான் எழுதிய பத்தியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். புஷ்பத்திடம் நேரில் கேட்டுவிட்டேன்.

அறுத்த வலை என் வீட்டு வேலியில் காய்கிறது. முத்திரை அழியவில்லை. யாரும் வந்து பார்க்கலாம். நல்ல மை வாங்கியிருக்கிறீர்கள், தலைவரே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே சங்கக் கட்டிடத்துக்கு வாருங்கள். முகாம்காரர் எல்லோரும் வருவார்கள். உங்கள் வாடியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும் வலைகள் யாருடையவை, ஏன் அங்கே கிடக்கின்றன? எனக்குச் சொல்ல வேண்டாம், புஷ்பத்தின் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள்.

மேசை, மாலை, கமரா – மூன்றையும் நான் கொண்டு வருகிறேன். வலையையும் பதிலையும் நீங்கள் கொண்டு வாருங்கள்.