ஜுன் சொன்ன சொல்லோடு குய்சோவ் மலைக்கு

போன சித்திரைக் கடைசியில் ஒன்பது நாள் லீவு எடுத்துக்கொண்டு, தென்மேற்குச் சீனாவில் குய்சோவ் மாகாணத்தில் உள்ள ஒரு மலைக்கிராமத்துக்குப் போய் வந்தேன். நாற்று நடுவதற்கு முன்னால் படிவயல்களில் தண்ணீர் தேங்கி நிற்கும் காலம் அது. படம் எடுக்கப் போகிறவர்கள் அந்த இரண்டு மூன்று வாரத்துக்காகக் காத்திருப்பார்களாம். நான் படம் எடுக்கப் போகவில்லை. ஆனால் போகும் வழியைப் பற்றித் தமிழில் தேடியபோது உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். போன காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு வழியை மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

வீடு சிட்னிப் புறநகரான ஹோம்புஷ்ஷில். வேலை அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாள், மாலை ஆறரை மணிக்கு, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்த இருபத்துமூன்று வயது மாணவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். சைக்கிளில் போனவனைக் கார் இடித்திருந்தது. இங்கே அவனை ஜுன் என்று சொல்கிறேன், அது அவன் பெயர் இல்லை. எழுதுவதற்குப் பெற்றோரின் சம்மதம் இருக்கிறது. ஊரின் பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள்.

வந்தபோது ஜுன் ஆங்கிலத்தில் கதைத்தான். பெயரைச் சொன்னான், பிறந்த திகதியைச் சொன்னான், சாப்பாட்டுப் பை எங்கே என்று கேட்டான். உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை அறை ஆயத்தமாக நாற்பது நிமிடம் எடுத்தது. அதில் கடைசி இருபது நிமிடம் ஆங்கிலம் அவனை விட்டுப் போய்விட்டது. "நம்... நம்..." என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கள் சீனத் தாதி ஒருத்தி குனிந்து கேட்டுவிட்டு, இது தனக்குத் தெரிந்த சீனம் இல்லை என்றாள். யாரோ ஒருவருடைய பெயர் என்று நான் நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "வருவினம் தம்பி, வருவினம்" என்று தமிழிலேயே சொன்னேன். உள்ளே கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

பெற்றோருக்கு உடனே வர வசதிப்படவில்லை. ஒரு நண்பன்தான் சாம்பலைக் கொண்டுபோனான். மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரியின் சமூக சேவகர் மூலமாகத் தகப்பனாரின் கடிதம் வந்தது. மகனோடு கடைசியில் நின்றவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்றும், அவன் ஏதாவது சொன்னானா என்றும் கேட்டிருந்தார். அவனால் அதிகம் பேச முடியவில்லை என்று பதில் எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. பிறகும் அவர் எழுதினார். அவர்கள் தோங் என்ற இனத்தவர்கள், வீட்டில் தனி மொழி பேசுகிறவர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருமுறை ஊருக்கு வாருங்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் இருந்தது.

நான் போகப்போகிறேன் என்றபோது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "நீர் ஏன் போகவேணும்? அதுகள் இப்பதான் கொஞ்சம் ஆறியிருக்குதுகள். போய்ப் புண்ணைக் கிளறப்போறீர்" என்றார். அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்தால், அந்த ஆளிடம் அவன் கூப்பிட்டதைச் சொல்லலாமே என்றேன். தங்கச்சியாக இருக்கலாம், காதலியாக இருக்கலாம். என் மனதில் அப்படித்தான் இருந்தது.

இனிப் பயணம். ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இப்போது முப்பது நாள் வரை விசா வேண்டாம் (போகுமுன் ஒருதரம் சரிபாருங்கள், இது மாறக்கூடியது). சிட்னியிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம், ஒன்பது மணி இருபது நிமிடம், போக வர எண்ணூற்று எழுபது டொலர். காலை ஐந்தரைக்கு இறங்கி, சுரங்க ரயிலில் தெற்கு ரயில் நிலையத்துக்குப் போய், பத்தேகாலுக்கு அதிவேக ரயில் பிடித்தேன். நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, இருநூற்று முப்பது யுவான், அதாவது ஐம்பது டொலருக்குக் கொஞ்சம் கீழே. வழி பாதிக்குமேல் மலைச் சுரங்கங்கள்தான். யன்னல் இருக்கைக்குச் சண்டை பிடிக்காதீர்கள்.

நிலையத்தில் இருந்து ஊருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். கார் நானூற்றைம்பது யுவான், இரண்டே முக்கால் மணித்தியாலம். கடைசி இருபது கிலோமீட்டர் வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வரக்கூடியவர்கள் குளிசை போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர், தொலைபேசி மொழிபெயர்ப்பில் நிறையக் கதைத்தார். அந்த ஊரில் விடுதி கிடையாதே, எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டார். ஜுன்னின் தகப்பனார் பெயரைக் காட்டினேன். அவர் கையை நீட்டிக் காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். அந்த வீட்டில் நடந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அறுபது எழுபது மரவீடுகள், மலையின் இடுப்பில். அரைவாசி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இளம் ஆட்கள் தொழிற்சாலை நகரங்களில். வீடுகளுக்குக் கீழே வயல்கள் படிப்படியாக ஆற்றுவரைக்கும் இறங்கின. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நின்றது, மாலை வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. வடிவான இடம். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தகப்பனார் பாதைக்கே வந்து நின்றார். ஐம்பத்துமூன்று வயது, மெலிந்த மனுஷன், என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். தாய் வீட்டு வாசலில் நின்றார். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவருக்குத் தோங் மொழி மட்டும்தான் தெரியும். நான் சொல்வதைத் தொலைபேசி சீனத்தில் சொல்லும், அதைத் தகப்பனார் தாய்க்குச் சொல்லுவார். ஒரு கேள்வி போய் வர ஒரு நிமிடம் பிடித்தது.

அடுப்பைச் சுற்றிச் சின்ன மரக் கதிரைகளில் இருந்து சாப்பிட்டோம். ஒட்டும் அரிசிச் சோறு, புளிக்கவைத்த மீன். சோற்றைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள். சீனாவில் கையால் சாப்பிட்ட ஒரே வீடு. நான் சாப்பிடுவதை அந்தத் தாய் பார்த்தபடி இருந்தார். முடிந்ததும் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, தகப்பனாரிடம் ஏதோ கேட்டார். இந்தக் கையா பிள்ளையைப் பிடித்திருந்தது என்று கேட்கிறார் என்றார் தகப்பனார். ஓம் என்று தலையாட்டினேன். கையை விடாமல் அடுத்த கேள்வியையும் கேட்டார். அவன் என்ன சொன்னான்?

கடிதத்தில் எழுதாததை அங்கே சொன்னேன். ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், அது யார் என்று கேட்கத்தான் வந்தேன் என்று தொலைபேசியிடம் சொன்னேன். அந்தச் சொல்லை அதனிடம் கொடுக்கவில்லை. நேராகத் தாயைப் பார்த்து என் வாயாலேயே சொன்னேன். "நம்."

அவருக்கு விளங்கவில்லை போலிருந்தது. இன்னொருதரம் சொன்னேன். கொஞ்சம் தாழ்த்தி, அவன் சொன்ன மாதிரி. அவர் எழும்பிப் போய் மூலையில் இருந்த வாளியில் அகப்பையை விட்டுத் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். எனக்குத் தாகம் என்று நினைத்தார். பிறகு அவர் முகம் மாறியது. அகப்பை கையிலேயே இருந்தது.

தகப்பனார் தொலைபேசியில் எழுதிக் காட்டினார். எங்கள் மொழியில் தண்ணீர்.

இரத்தம் போகிறவர்களுக்குத் தாகம் எடுக்கும். இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவளுக்கு இது தெரியாதா? சத்திரசிகிச்சைக்கு முன் குடிக்கக் கொடுக்க முடியாது, அது விதி. ஆனால் உதட்டை ஈரப்படுத்தும் பஞ்சுக் குச்சி எனக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தது. நான் யாரோ வருவார்கள் என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தாய் கேட்டதைத் தகப்பனார் மொழிபெயர்க்கவில்லை. தாய் திரும்பவும் கேட்டார், குரல் உயரவில்லை. கடைசியில் தகப்பனார் எழுதிக் காட்டினார். கொடுத்தீர்களா?

காரணங்களைச் சொல்லத் தொடங்கினேன். நீளமாகச் சொன்னால் அந்தச் செயலி குழப்பிவிடும் என்பது வழியிலேயே தெரிந்திருந்தது. அழித்துவிட்டு இரண்டு வசனம் மட்டும் சொன்னேன். கொடுக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை.

தகப்பனார் அதை வாசித்துவிட்டு மனைவிக்குச் சொல்லாமல் இருந்தார். சொல்லவேண்டி இருக்கவில்லை. தாய் அகப்பையை வாளியில் போட்டுவிட்டு வெளியே போனார். அன்றைக்குத் திரும்பவும் அவரைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் தகப்பனார் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மண்வரப்பு ஒரு அடி அகலம்தான், வழுக்கும். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து கொண்டுபோங்கள். அவருக்குப் பதினான்கு துண்டு வயல், சில எங்கள் வரவேற்பறை அளவுகூட இல்லை. நடவு முடிந்தபின் அதற்குள்ளேயே மீன்குஞ்சு விடுவார்களாம். ஜுன் படித்தது நீர்ப்பாசனப் பொறியியல் என்று அங்கேதான் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, துக்கமாகவும் இல்லை, ஒரு விபரத்தைச் சொல்லும் குரலில் சொன்னார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கச் சரிவில் தனியாக ஒரு மண்மேடு இருந்தது, ஜுன்னின் சாம்பல் அதற்குள். வெளியூரில், விபத்தில் போனவர்களை ஊரவர்களுடைய சுடலையில் வைப்பதில்லையாம். தாயார் இங்கே வருவாரா என்று கேட்டேன். ஒவ்வொரு நாளும் என்றார். நேற்றும் இங்கேதான் இருந்தாள், நான் வந்து கூட்டிக்கொண்டு போனேன் என்றும் சொன்னார்.

பிறகு அவர் கேட்டார், எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று. குற்றம் சாட்டும் கேள்வி இல்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். என் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். இலங்கையில், வன்னியில் கடைசிச் சண்டையின்போது காணாமல்போனவர். அவரோடு நின்ற ஒருவராவது வந்து என்ன நடந்தது என்று சொல்லமாட்டார்களா என்று நாங்கள் இத்தனை வருடம் பார்த்திருக்கிறோம், அதனால்தான் வந்தேன் என்றேன். அவர் அதைத் தொலைபேசியில் வாசித்தார். பிறகு என் தோளில் ஒருதரம் தட்டிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கார் சொல்லியிருந்தேன். பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது தாய் வந்தார், தகப்பனாரும் கூட வந்தார். எவ்வளவு நேரம் கேட்டான் என்றார் தாய். இருபது நிமிடம் என்றேன். குறைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அவர் தகப்பனாரிடம் ஏதோ சொன்னார், தகப்பனார் முடியாது என்பதுபோலத் தலையாட்டினார், அவர் விடவில்லை.

"அவன் சொன்ன மாதிரியே ஒருக்கால் சொல்லட்டாம்" என்பதுதான் அது.

சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னும் மெதுவாகவா என்று கையால் காட்டினார். ஓம், கடைசியில் இன்னும் மெதுவாக. அப்படியும் சொன்னேன். மூன்றுதரம் சொல்லவைத்தார். மூன்றாவதுதரம் என் குரல் எழும்பவில்லை. அதுதான் சரியாக இருந்ததோ என்னவோ, அவர் போதும் என்று என் கையைத் தொட்டார். கார் வரும்வரைக்கும் அப்படியே பக்கத்தில் நின்றார். அழுதவள் நான்தான்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். காசாகக் கொடுத்தால் சிறு கடைகளில் மிச்சம் தரச் சில்லறை இருக்காது. தொலைபேசியில் பணம் செலுத்தும் சீனச் செயலி ஒன்றை இங்கேயே உங்கள் வங்கி அட்டையோடு இணைத்துக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சமிக்ஞை வந்து வந்து போகும். சித்திரைக் கடைசியிலும் விடிய நல்ல குளிர். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே எழுதிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பன்றிக்கொழுப்பில்தான் கீரையும் வதங்கும். வயலில் படம் எடுக்க முன் சொந்தக்காரரைக் கேளுங்கள். எனக்கு மொத்தச் செலவு, குவாங்சோவில் இரண்டு இரவு தங்கியதோடு சேர்த்து, ஆயிரத்து நானூறு டொலருக்குள்.

வந்த அடுத்த கிழமை மெல்பேர்ன் போய், வெரிபீயில் தம்பியோடு இருக்கும் அம்மாவைப் பார்த்தேன். அண்ணாவுக்கு என்ன நடந்தது என்று விசாரித்துக் கிரியை செய்துவிடுவோம், தெரிந்துகொண்டால்தான் மனம் ஆறும் என்று ஒவ்வொரு வருடமும் அம்மாவோடு வாதாடுகிறவள் நான். இந்தமுறை அந்தக் கதையை எடுக்கவில்லை. சீனாவில் என்ன பார்த்தனி என்று அம்மா கேட்டா. வயல் பார்த்தேன் என்றேன்.

இப்படி ஒரு வீட்டுக்குப் போக யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், ரிக்கற் எடுக்குமுன் யாருக்காகப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் அவர்களுக்காகப் போகிறேன் என்று நம்பித்தான் போனேன். ஒன்றரை வருடம் என்னால் தூக்க முடியாமல் இருந்ததைக் கொண்டுபோய் அந்தத் தாயின் தலையில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.