சுண்டுவிரலுக்கு ஒரு பாக்ஸ் ஸ்பேனர்

விரலில் குழல் மாட்டி, மின்சார கிதாரின் கம்பிகளில் வழுக்கியே அதை அழவும் சிரிக்கவும் வைத்த ஓர் அமெரிக்க ப்ளூஸ் இசை முன்னோடிமேல் எனக்குப் பைத்தியம். பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் என் கிதாரில் அவரைப் போலவே வாசித்துப் பார்ப்பேன். நாமக்கல்லில் என் பக்கத்து வீடு லாரிப் பட்டறை. சுத்தியல் சத்தத்துக்காகப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இவர்களுக்கு இசை எங்கே தெரியும் என்ற இளக்காரம் வேறு.

ஆனாலும் ஆயுத பூஜைக்கு வாசிக்கச் சொல்லிப் பட்டறைக்காரர் கூப்பிட்டார். போனேன். ஆரம்பித்ததுமே விரலில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழல் நழுவி விழுந்து நொறுங்கியது. அழுகையே வந்துவிட்டது.

அவர் பூஜையில் அடுக்கியிருந்த கருவிகளிலிருந்து, சந்தனப் பொட்டோடு ஒரு சின்ன பாக்ஸ் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். அந்த இரும்புக் குழல் என் சுண்டுவிரலுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

"பூஜையில வெச்சதை இன்னைக்கு எடுக்கக்கூடாதே!" என்றேன்.

"வேலைக்குத்தானுங்க டீச்சர் எடுக்கக்கூடாது, பாட்டுக்கு எடுக்கலாமுங்க. ரயிலு கூவற மாதிரி ஒண்ணு வாசிப்பீங்களே, அதை வாசிங்க. அது வந்தா நாங்க சுத்தியலைக் கீழ வெச்சிருவோமுங்க."

அந்த நேரத்தில் மட்டும் பட்டறை அமைதியாகிவிடுவதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. காது எனக்குத்தான் உண்டென்று நினைத்திருந்தேன்.

வாசித்தேன். இரும்பு கண்ணாடியைவிடக் கணீரென்று கூவியது. பூஜைக்கு வந்திருந்த டிரைவர்கள் உற்சாகத்தில் லாரிகளின் ஏர் ஹாரனை அடித்துக் கூடவே வாசித்தார்கள். சுருதி சேரவே இல்லை. நான் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை வாசித்தேன்.