சும்மா கிடந்த வலது தோள்

நான் பேய், பிசாசு எதையும் நம்புகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் என் முகத்தைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவன், பனியில் செத்துப்போன கூட்டாளியின் உடலுக்குப் பக்கத்தில் இரண்டு ராத்திரி காவல் இருந்தவன், அப்போதுகூட எனக்குக் குளிரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இப்போது இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள், என் வாய்க்குப் பயந்து கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். எல்லாம் இந்த வாயால் வந்ததுதான்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த மகள் எனக்கு. அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு காய்ச்சல் பிடித்தது, பொழுது சாயும்போது வரும், விடிந்தால் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரி, சின்ன ஆஸ்பத்திரி, ரத்தம், சளி எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். பத்து நாளில் பிள்ளை பாதியாகிவிட்டாள், அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடினாள், எனக்கு உயிரே போய்விட்டது. இன்னும் இரண்டு நாளில் குறையாவிட்டால் மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான என் மனைவி இப்படிச் சொன்னாள்:

"ஏங்க, எங்க ஊர்ல அந்திக் காய்ச்சலுக்குப் பள்ளிவாசல்ல ஊதி வாங்குவாக. ஒரே நாள்ல மூணு பள்ளி. அப்பன்தான் தூக்கிட்டு நடக்கணும், ஆத்தா கூடப் போகக் கூடாது. முடியிற வரைக்கும் பிள்ளையத் தரையில விடக் கூடாது, வண்டில ஏறக் கூடாது."

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பள்ளிவாசல் வாசலில் சீக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லா சாதி சனமும் வரிசையாக நிற்கும், தொழுகை நடத்திவிட்டு வருகிற அஜரத்து வாய்க்குள் ஓதிப் பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் மனைவி அழுதாள். கம்பெனியில் பிட்டராக இருக்கும் சம்சுதீன் பாயிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"மூணுங்கிற கணக்கெல்லாம் எங்க மார்க்கத்துல இல்ல மிலிட்டரி, அது ஒங்க ஆளுக போட்டது. ஆனா பிள்ளக் காரியம், வீட்ல சொன்னபடி செஞ்சிருங்க. அஸருக்கு ஒரு பள்ளி, மஃரிபுக்கு ஒரு பள்ளி, இஷாவுக்கு ஒரு பள்ளி. எல்லாம் பழைய தெருவுக்குள்ளதான் இருக்கு, நடக்கிற தூரந்தான்."

அஸர் என்பது சாயங்காலத் தொழுகை, மஃரிப் சூரியன் இறங்கியதும், இஷா இருட்டிய பிறகு. மூன்றும் சின்னப் பள்ளிவாசல்கள்தான், ஆனால் எத்தனையோ தலைமுறைக்கு முந்தியவை. பிள்ளையை இடது தோளில் போட்டுக்கொண்டேன், அவள் நெற்றியைத் துடைக்க ஒரு ஈரத் துண்டை வலது தோளில் போட்டுக்கொண்டேன். இந்த ஈரத் துண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் எப்படியும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள்.

முதல் பள்ளியில் அன்று கூட்டமே இல்லை. எனக்கு முன்னால் ஒரு பெண் மட்டும் நின்றாள். அவள் கையில் ஒரு பிள்ளை, தலை முதல் கால் வரை பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது. அது ஒன்றும் அதிசயம் இல்லை, கம்பெனியில் கழித்துப்போட்ட துணியை வாங்கிப்போய்ப் பிள்ளைகளுக்குச் சுற்றுவது எங்கள் பக்கம் வழக்கம்தான். அஜரத்து வெளியே வந்தார், அவரை ஒரு நிக்காஹ் வீட்டுக்குக் கூட்டிப்போக பைக் ஒன்று ஏற்கெனவே உறுமிக்கொண்டு நின்றது. ஒருவருக்குத்தான் ஊதுவார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மகள் என் கழுத்தில் அனலாய்க் கொதித்தாள். நான் அந்தப் பெண்ணைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நின்றேன். அவர் ஊதினார், பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

"அண்ணே, நாந்தான முன்ன நின்னேன்" என்றாள் பின்னாலிருந்து. சண்டை போடுகிற குரல் இல்லை அது.

"அடுத்த பள்ளிக்கு வா, அங்க வாங்கிக்கலாம்."

"இவனுக்கு அப்பன் இல்லண்ணே. தூக்கிட்டு நடக்க ஆளில்ல."

செய்தது தப்பு என்று தெரியும்போது எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம். திரும்பிக்கூடப் பார்க்காமல் நக்கலாகச் சொன்னேன்: "அப்ப எங்கிட்ட குடு, நானே தூக்கிட்டுப் போறேன். இந்தத் தோள் சும்மாதான இருக்கு."

"சரிண்ணே" என்றாள்.

அவள் கொடுத்தாளா, நான் வாங்கினேனா என்று கேட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், என் கை எதையும் வாங்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்து தெரு திரும்பும்போது பார்த்தேன், வாசலில் யாரும் இல்லை. போயிருப்பாள் என்று நினைத்தேன், யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்.

மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது, பிள்ளையை இறக்கக் கூடாது என்பதால் தெருத் தெருவாக நடந்தேன். எங்கேயோ பால்கோவாவுக்குப் பால் சுண்டும் வாசம், சைக்கிள் மணி, டிவி சத்தம், எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. இடது பக்கக் கழுத்தில் மகளின் மூச்சு சுடச்சுடப் பட்டுக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், வலது பக்கக் கழுத்திலும் ஒரு மூச்சு பட்டது. சில்லென்று, மெதுவாக.

ஈரத் துண்டு என்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன், துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். மூச்சு நிற்கவில்லை. காற்று என்று நினைத்துச் சுவரை ஒட்டி நின்று பார்த்தேன். மகளின் மூச்சு இரண்டு தடவை வந்தால் அது ஒரு தடவை வந்தது, அவள் இருமினால் அது ஒரு நொடி நின்று பிறகு வந்தது. காற்றுக்கு அப்படியெல்லாம் தெரியாது. என் தலையை வலது பக்கம் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது பள்ளி கல்தூண் வைத்த பழைய கட்டடம். அங்கே பத்துப் பேர் பிள்ளைகளோடு நின்றார்கள், நான் ஒழுங்காகக் கடைசியில் போய் நின்றேன். அங்குள்ள அஜரத்து ரொம்ப வயசானவர், கண்ணில் புரை விழுந்து வெள்ளையாக இருந்தது, ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். என் மகளுக்கு ஊதினார். அதோடு நகர்ந்துவிடாமல் என் வலது பக்கம் வந்து குனிந்து ஓதினார், என் காதோரமாக நிதானமாக ஊதினார், மகளுக்கு ஊதியதைவிடக் கூடுதல் நேரம்.

"ரெண்டையும் ஒத்தையாளா தூக்கிட்டு நடக்கியளே தம்பி" என்றார்.

கூட வந்தவர் சங்கடப்பட்டார். "அஜரத்துக்குக் கண்ணு தெரியாது, தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம் இல்லை, ஆத்திரம். என் பிள்ளைக்கு வர வேண்டியதில் பாதி வேறெதற்கோ போய்விட்டது என்றுதான் தோன்றியது. நம்பிக்கையே இல்லாதவன் அந்த ஊதலுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பாதித் தெருவில் கவனித்தேன், என் வலது கை மடங்கி, பிள்ளையின் அடியில் தாங்குகிற மாதிரி நெஞ்சோடு இருந்தது. கையை உதறித் தொங்கவிட்டேன். பத்தடி போனதும் பார்த்தால் மறுபடி மடங்கியிருந்தது. அந்தக் கைக்கு வலித்தது, பாரம் தூக்கினால் வலிக்குமே, அந்த வலி.

மூன்றாவது பள்ளி ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. இஷா முடிந்து வந்தவர் இளம் வயது அஜரத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "எத்தன பிள்ளைக?" சிலர் இரண்டு என்றார்கள், ஒருவர் வீட்டில் இன்னொன்று படுத்திருக்கிறது என்றார், அதற்கும் சேர்த்து ஓதினார். நான் வலது தோளைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். என் முறை வந்தது.

"ஒரு பிள்ளதானா, வேற இருக்கா?"

இரண்டு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, யாரும் சிரித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் மகள் என் தோளில் துணியாகக் கிடந்தாள், மிச்சம் இருந்தது அந்த ஒரு ஊதல்தான்.

"ஒன்னுதான்" என்றேன்.

சொன்னதும் வலது பக்க மூச்சு நின்றுவிட்டது. ஒளிந்து நிற்கிற பிள்ளை தன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் மூச்சை அடக்குமே, அப்படி நின்றது. அஜரத்து மகளின் முகத்தில் ஊதிவிட்டு அடுத்தவரிடம் போனார். அதற்குப் பிறகுதான் மறுபடி வந்தது அந்த மூச்சு, விக்கி விக்கி.

அன்று ராத்திரியே மகளுக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது, இன்று வரைக்கும் திரும்பவில்லை. மருந்து கடைசியில் வேலை செய்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், இருக்கலாம். மனைவிக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. சம்சுதீன் பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "அது என்னன்னு எனக்குத் தெரியாது மிலிட்டரி. ஆனா நீங்க ஒன்னுதான்னு சொல்லிருக்க வேண்டாம்" என்றார்.

அந்தப் பெண்ணைத் தேடி முதல் பள்ளிக்கு எத்தனையோ சாயங்காலம் போய் நின்றேன், வரவில்லை. முட்டுச்சந்துப் பள்ளிக்கும் போனேன், வெறும் தோளோடு நின்று "இந்தப் பக்கம் ஊதுங்க" என்று கேட்டேன். இளம் அஜரத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஊதினார். வலது பக்க மூச்சு போகவில்லை, ஒன்றும் மாறவில்லை. அப்பன்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும், மூன்று பள்ளியும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று, வலது தோளில் இருப்பதற்காக அப்படியும் ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டேன். ஆனால் அந்தக் கண் தெரியாத அஜரத்து அதற்குள் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார், அவருக்குப் பதிலாக வந்தவர் என் மடங்கிய கையைப் பார்த்து, "கைல அடிபட்டுருச்சா?" என்று கேட்டார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மகளுக்கு நாலரை வயது, வயசுக்கு மீறிய உயரம், தூக்கினால் முன்பு போலக் கழுத்தில் முகம் பதிப்பதில்லை, அவள் வாய் நேராக என் இடது காதுக்கு வருகிறது. பொழுது சாயும் நேரத்தில் வலது பக்கம் வருகிற மூச்சும் இப்போது கழுத்தில் படுவதில்லை, காதில்தான் படுகிறது. சட்டென்று ஒரு நாளில் மாறியதல்ல, அவள் வளர வளர அதுவும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, நான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேன். வலது கை ராத்திரி முழுக்க வலிக்கிறது.

மகள் இப்போது ஓயாமல் பேசுகிறாள். வலது பக்கம் இதுவரை ஒரு வார்த்தையும் வரவில்லை, ஆனால் போன வாரத்திலிருந்து மூச்சுக்கு நடுவில் உதடு ஒட்டிப் பிரிகிற சின்னச் சத்தம் ஒன்று கேட்கிறது. பேசப் பழகுகிற பிள்ளையின் வாயில் வருமே, அந்தச் சத்தம். அது பேச ஆரம்பித்தால் என்னை என்னவென்று கூப்பிடும் என்று எனக்குத் தெரியும்.