பாக்கியமேரி ஊதிய விசில்

கடலூர் முதுநகரில் பாக்கியமேரியைத் தெரிந்தவர்கள் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். அவளும் மறுக்கமாட்டாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து ஒருமுறை பார்ப்பாள். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் பருப்புத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வை. வேலைக்கு யாராவது தாமதமாக வந்தால் மற்ற மேற்பார்வையாளர்கள் கோபப்படுவார்கள். இவள் வழியில் என்ன ஆயிற்றோ என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள்.

மோட்டார் சைக்கிள் என்றால் அந்தப் பயம் வேறு மாதிரி. அவள் தம்பி ராபர்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிதம்பரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு லாரி. அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும், யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் அவள் மனசு முதலில் கேட்கும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சந்தியாகு. துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். லால்பேட்டையில் ஒரு பாய் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்த பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்து, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கழற்றி மாட்டி ஓட வைத்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கிற பழைய வண்டிப் பிரியர்கள் பொங்கல் முடிந்ததும் கேப்பர் மலைப் பக்கம் நடத்தும் போட்டியிலும் சேர்ந்துவிட்டார்.

அது வேகப் போட்டி இல்லை. முந்திரி வேர், பாறை, செங்குத்தான மேடு என்று இடம் இடமாகக் கயிறு கட்டி வழி போட்டிருப்பார்கள். அதற்குள் நடை வேகத்தில் ஓட்டிப்போய் மறுபக்கம் ஏற வேண்டும். கால் தரையில் படக்கூடாது. பட்டால் புள்ளி ஏறும், புள்ளி குறைந்தவர் ஜெயிப்பார். ஒவ்வொரு இடத்திலும் தன்னார்வலர்கள் நின்று கால் படுகிறதா என்று பார்ப்பார்கள். ஆபத்து என்று தெரிந்தால் விசில் ஊதுவார்கள். விசில் கேட்டால் ஓட்டுகிறவர் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நேரில் நிற்பது மேல் என்று பாக்கியமேரியும் தன்னார்வலராகச் சேர்ந்தாள். முதல் வருஷம் சந்தியாகு ஒரு வேரில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகத் தூக்கியது. அவள் ஊதிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் ஆட்டம் மட்டும் போனது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கோபமில்லாமல் சொன்னார். "மேரி, அடுத்த வருஷம் நெஜமா எதனா ஆனா மட்டும் ஊது."

அடுத்த வருஷம் அவளுக்குக் கிடைத்த இடம் செம்மண் ஓடை. மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து உண்டான பள்ளம் அது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண் சுவர். உள்ளே ஒரு வண்டி போக மட்டும் வழி. மார்கழியில் அடித்த மழையில் ஓடை இன்னும் ஆழமாகியிருந்தது. போட்டியை நடத்தும் தேவநாதன் காலையிலேயே வந்து கடப்பாரையால் சுவரை இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அசட்டையாகச் செய்கிறவர் இல்லை.

"நல்லா காஞ்சிருச்சு. கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

போட்டிக்கு வந்த டேவிட் ராஜின் புல்லட்தான் முதலில் உள்ளே வந்தது. அதன் சத்தம் ஓடைக்குள் இடி மாதிரி அடைபட்டு முழங்கியது. அவர் ஏறிப் போனதும், இடது பக்கச் சுவரின் நடுவிலிருந்து சர்க்கரை கொட்டுவதுபோல் மண் சன்னமாக உதிர்வதை, ஓடை ஏறி முடியும் மேட்டில் நின்ற பாக்கியமேரி பார்த்தாள்.

"எழில், அங்க பாரேன். மண்ணு கொட்டுது."

கூட நின்ற எழிலரசி கல்லூரியில் படிக்கிறவள். எட்டிப் பார்த்தாள். "எலி வளை எதனா இருக்கும்க்கா. காலையிலருந்தே அப்பிடித்தான் கொட்டுது."

அடுத்து ஒரு யெஸ்டி வண்டி வந்தது, பிறகு ஒரு ஜாவா. மண் கொட்டுவது நிற்கவில்லை. சுவரின் உச்சியில் புல் விளிம்புக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. வெடிப்பா, வேரின் நிழலா? கண்ணை மூடித் திறந்தாள். கோடு அங்கேயே இருந்தது. இது நிஜமாகவே தெரிகிறதா, தன் பயம்தான் காட்டுகிறதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அதுதான் அவளை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

தேவநாதனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"மேரிம்மா, போன வருஷமும் இப்பிடித்தான பயந்தீங்க" என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி, இன்னும் ரெண்டு பேருதான் பாக்கி. முடிஞ்சதும் மேல ஏறிப் பாத்துடுறேன்."

அந்த இரண்டு பேரில் முதல் ஆள் சந்தியாகு. அவருக்குப் பின்னால் புவனகிரியிலிருந்து வந்த சித்தார்த் வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தான்.

ராஜ்தூத் ஓடைக்குள் இறங்கியது. சந்தியாகு ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்றபடி, தோளை இப்படியும் அப்படியும் சாய்த்து, கால் படாமல் வந்தார். பாக்கியமேரி அவர் காலைப் பார்க்கவில்லை. சுவரின் உச்சியையே பார்த்தாள். காற்று இல்லை. ஆனாலும் அங்கிருந்த புல் மெல்ல முன்னால் குனிந்தது.

ஊதினாள்.

சந்தியாகு பிரேக்கைப் பிடித்தார். இரண்டு காலையும் ஊன்றி நின்று, என்ன என்பதுபோல் அவளைப் பார்த்தார். அப்போது இடதுபக்கச் சுவர் அப்படியே இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. லாரியிலிருந்து மூட்டை தள்ளுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மண்ணுக்குள் எஞ்சின் இரண்டு தரம் இருமி அடங்கியது. அவர் நின்ற இடத்தில் செம்மண் குவியல் கிடந்தது.

"யாரும் உள்ள போவாதீங்க! மிச்சமும் வரும்!" என்று தேவநாதன் கத்தினார். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். சுவரின் மீதிப் பாதி வெடித்து, இதோ விழுகிறேன் என்று நின்றுகொண்டிருந்தது.

பாக்கியமேரி உள்ளே போனாள். போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முட்டி போட்டு, ஹெல்மெட் இருக்கும் என்று நினைத்த இடத்தில் இரண்டு கையாலும் வாரினாள். நகம் பெயர்ந்தது. தலைக்குமேல் மண் பொடிப்பொடியாக உதிர்ந்து கழுத்துக்குள் இறங்கியது. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்தது. சித்தார்த்.

"மண்வெட்டி போடாதீங்க, கையாலயே வாருங்க!" என்று அவன் வெளியே பார்த்துக் கத்தினான். அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஹெல்மெட் தெரிந்தது. வாயிலிருந்த மண்ணை அவள் விரலால் நோண்டி எடுத்தாள். அவர் மூச்சு விட்டார். ஆம்புலன்ஸில் கடலூர் போய்ச் சேரும்வரை அவள் அந்த மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. விலா எலும்பும் உடைந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மறுநாள் சித்தார்த்தின் அம்மா மங்கலம் ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கியமேரியின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவரு தாண்டிப் போயிருந்தா அடுத்து எம் புள்ளதான் உள்ள வந்திருப்பான். நீ ஊதலன்னா இன்னைக்கி அவன் இல்ல. நீ நல்லா இருக்கணும் தாயி."

பாக்கியமேரியின் மனசில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊதாமல் இருந்திருந்தால் ராஜ்தூத் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். நிறுத்தியது விசில். விசில் அவளுடையது. அவருக்கு அது தெரியுமா, தெரிந்தால் என்ன சொல்வார்? கஞ்சி ஊட்டும்போதும் துணி மாற்றும்போதும் அவர் முகத்தை நேராகப் பார்க்கவே பயந்தாள்.

வீட்டுக்கு வந்து சில வாரம் போன பிறகு, வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டாள்.

"நான் விசில் ஊதுனது காதுல விழுந்துச்சா உங்களுக்கு?"

"விழுந்துச்சு."

"அதனாலதான் நின்னீங்களா?"

அவர் வாக்கரை நிறுத்தினார். "நெஜமா எதனா ஆனா மட்டும் ஊதுன்னு நாந்தான சொன்னேன்? நீ ஊதுற. அப்ப எதோ இருக்குன்னு நின்னேன். வேற யாரு ஊதியிருந்தாலும் ஏறிப் போயிருப்பேன்."

அவள் அடுப்படிக்குப் போய் நெடுநேரம் அழுதாள். அந்தப் பதிலில் அவளுக்கு ஆறுதலும் இருந்தது, ஆறுதலே இல்லாததும் இருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் போட்டியை விட்டுவிடுவார்கள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அடுத்த பொங்கலுக்கு தேவநாதன் ஓடைப் பக்கமே போகாமல் முந்திரித் தோப்பில் வழி போட்டார். பாக்கியமேரி வந்தாள். அந்த வருஷம் சந்தியாகுவால் ஓட்ட முடியவில்லை. கையில் ஊன்றுகோலோடு தன்னார்வலராக அவள் பக்கத்தில் நின்றார்.

பாறை மேட்டில் சித்தார்த்தின் வண்டி ஏறியது. பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒருபக்கம் சாய்ந்து, எப்படியோ நிமிர்ந்தது. சந்தியாகு அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அவர் கை வேர்த்திருந்தது.

"ஓட்டுறப்ப இதெல்லாம் ஒண்ணும் தெரியல மேரி" என்றார். "நின்னு பாக்குறவங்களுக்கு எப்பவும் இப்பிடியா இருக்கும்?"

"ஆமா."

"எப்பிடித்தான் நின்ன நீ?"

கீழே அடுத்த வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"பேசாம இருங்க. ஆளு வர்றாங்க, காலைப் பாக்கணும்" என்றாள் பாக்கியமேரி.