டாங்கிகளுக்கு வழி

ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தலைப்பு கொடுத்தார்கள். என் தோழிக்கு மரம் வளர்ப்பு வந்தது. எனக்கு ‘ப்ராக் ஸ்பிரிங்’. 2004-ல் ஷார்ஜாவில் ஏழாம் வகுப்பு படித்த எனக்கு அது என்ன சாமான் என்றே தெரியவில்லை. ஏ.சி. மெக்கானிக்கான அப்பாவிடம் கேட்டேன். “அது எந்த மாடலுக்கு வரும் பாப்பா?” என்றார். வசந்தகாலம் என்றது அகராதி. ஏ.சி. போடும் காலம், போடாத காலம் என்று இரண்டை மட்டுமே அறிந்தவளுக்கு அதனாலும் பிரயோஜனம் இல்லை.

முந்தின வருடம் மேடையில் பேச்சு மறந்து, அழுதுகொண்டே இறங்கியவள் நான். இந்த முறை கப் இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று வகுப்பு முழுக்கச் சவால் வேறு விட்டிருந்தேன்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே அரசியல்வாதி, அம்மாவின் அண்ணன். ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் ஓர் எலெக்ட்ரிகல் கடையில் சேல்ஸ்மேன். ஊரில் கம்யூனிஸ்ட். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் மீன்குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, உலகத்து முதலாளிகளை ஒரு பிடி பிடிப்பார். “கடை முதலாளிக்கு மட்டும் சலாம் போடுறீங்களே மச்சான்” என்று அப்பா சீண்டுவார். எனக்கு டி.வி.யைவிட அது பிடிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை என் தலைப்பைக் கேட்டதும் மாமாவுக்கு முகம் மாறிவிட்டது.

“அது ஏகாதிபத்தியச் சதி. மிஸ்ஸுகிட்ட சொல்லி வேற தலைப்பு வாங்கு.”

மாற்றக்கூடாது என்பது விதி. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

“அண்ணே, மேடையில நிக்கப்போறது அவ. நடந்தது என்னவோ அதச் சொல்லிக்குடு. வேற எதுவும் வேணாம்.”

அம்மா தன் அண்ணனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, சொல்ல ஆரம்பித்தார்.

அறுபத்தெட்டில் செக்கோஸ்லோவாக்கியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியே கதவைத் திறந்துவிட்டதாம். பத்திரிகைகள் நினைத்ததை எழுதின. ஜனங்கள் பயமில்லாமல் பேசினார்கள். மனித முகம் கொண்ட சோஷலிசம் என்று அதற்குப் பெயர். தலைநகர் ப்ராக்கின் பெயரால் உலகம் அதை ‘ப்ராக் ஸ்பிரிங்’ என்றதாம். அந்த வருடம் முடிவதற்குள் அதை நசுக்க சோவியத் டாங்கிகள் வந்துவிட்டன. அப்போது அந்த ஊர்க்காரர்கள் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. டாங்கிகளுக்கு வழி தெரியக்கூடாதென்று தெருப் பலகைகளையும் வழிகாட்டிப் பலகைகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மாஸ்கோவுக்கு வழி காட்டும் பலகைகளை மட்டும் விட்டுவைத்தார்களாம். சொல்லும்போது மாமாவே சிரித்துவிட்டார். பிறகு ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

போட்டியன்று அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வந்தார். மாமா கடைசி வரிசையில் இருந்தார். எனக்குப் பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. ஷார்ஜாவில் தெருப்பெயர் யாருக்குத் தெரியும்? மசூதிக்குப் பின்னால், பேக்கரிக்கு எதிரே என்றுதான் எல்லோரும் வீடு கண்டுபிடிப்போம். அதனால் பலகை இல்லாத ஊரில் டாங்கிகள் பட்ட பாடு அரங்கத்துக்கு நன்றாகவே புரிந்தது. கையை நீட்டி, “மாஸ்கோவா? நேராப் போங்க!” என்று நான் காட்டியபோது சிரிப்பு அடங்கவே இல்லை.

நடுவராக இருந்த டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்படியும் டாங்கிகள் வந்து சேர்ந்தனவே? பலகையைப் பிடுங்கி என்ன கண்டார்கள்?” என்று கேட்டார்.

இதற்கு மாமா ஒன்றும் சொல்லித்தரவில்லை. போச்சு, இந்த வருடமும் அழப்போகிறோம் என்று நினைத்தேன். வாய் தானாகப் பேசியது.

“வந்துட்டாங்க மிஸ். ஆனா யாரும் வழி சொல்லலை.”

முதலில் எழுந்து கைதட்டியது மாமா. அப்புறம் அரங்கமே எழுந்தது. அப்பா விசில் அடித்தார். டீச்சர் கப்பை என் கையில் கொடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெரிய சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

கப்போடு வெளியே ஓடினேன். மாமா காருக்குப் பக்கத்தில் நின்று கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் ஜெயித்த பெருமையில் அழுகிறார் என்று நினைத்து, கப்பை அவர் கையில் திணித்தேன்.

அறுபத்தெட்டில் அவர் கல்லூரி மாணவர் என்பதும், சைக்கிளில் மைக் செட்டைக் கட்டிக்கொண்டு கீழத்தஞ்சைக் கிராமம் கிராமமாகப் போய், ப்ராக்குக்குள் டாங்கிகள் போனது சரிதான் என்று தொண்டை கிழியப் பேசியவர் என்பதும் எனக்கு அன்று தெரியாது.