சைமன்ராஜின் நாற்பது வினாடி

சைமன்ராஜ் குவார்ட்டர்ஸுக்குள் ஜெட் எஞ்சின் ஒன்றை இறக்கிவைத்து ஓட்டுகிறாராம். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடுவதையே நிறுத்திவிட்டதாம். பக்கத்து ஊரான வடக்குத்தின் மாவு மில்லில் யாரோ பேசியதை, வீட்டு வேலைக்கு வரும் மாணிக்கம்மாள் கேட்டுவந்து டெய்சியின் காதில் போட்டாள்.

டெய்சிக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜ எஞ்சினாக இருந்தால் பழைய இரும்புக்காவது போடலாம். அவள் புருஷன் வைத்திருந்ததோ ஒரு கம்ப்யூட்டரும் அதற்குள் பறக்கும் பொய் விமானமும்.

நெய்வேலி தெர்மல் மின்நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டர்பைன் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவர் சைமன்ராஜ். மேலே சொல்வார்கள், இவர் திருகுவார். இவர் சொல்லி யாரும் ஒரு வால்வைக்கூடத் திருகியதில்லை. ரிட்டயர்மென்ட்டுக்கு மூன்று மாதம் இருக்கையில், சென்னையில் இதே பைத்தியம் பிடித்த ஒரு குழு, தாங்கள் இலவசமாக வெளியிடப்போகும் கம்ப்யூட்டர் விமானத்துக்கு எஞ்சின் எண்களைச் சரிசெய்து தரச் சொன்னது. எவ்வளவு எரிபொருள், லீவரைத் தள்ளினால் எத்தனை வினாடியில் முழு வேகம், எல்லாம் ஒரே கோப்பில் வரிசையாக நிற்கும். முன்னாள் விமானி கேப்டன் கோபாலகிருஷ்ணன் ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினால், ‘எஞ்சின்: சைமன்ராஜ், நெய்வேலி’ என்று பேர் போடுவார்கள். முப்பத்தொரு வருஷமாக எதிலும் வராத பேர்.

கோப்பில் முழு வேகத்துக்கு எட்டு வினாடி என்றிருந்தது. சைமன்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிர்ந்த டர்பைனைச் சூடேற்றி முழு லோடுக்குக் கொண்டுவர ஒரு ஷிஃப்டே பத்தாது. எட்டு வினாடியாம்! பைக்கை முறுக்கும் பிள்ளைகள் எழுதிய எண். பெரிய மனது பண்ணி நாற்பது என்று மாற்றி, சனிக்கிழமையே அனுப்பியும்விட்டார். ஓட்டிப் பார்த்தாரா என்றால், பார்த்தார். ஏறினார், பறந்தார், நடுவானத்தில் அப்படியே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். இறக்குவது அவருக்கு வராது.

ஃபெலிக்ஸுக்கு வரும். மைன்ஸில் கிரேன் ஓட்டுகிறவன், பக்கத்து பிளாக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்து இறக்கினான். இருநூறு அடி உயரத்தில் பார்த்தால், ரன்வேயில் இன்னொரு விமானம் நிற்கிறது. மறுபடி மேலே ஏற, லீவரை முழுக்கத் தள்ளினான். எஞ்சின் முனகியது. வேகம் காட்டும் முள் இருபத்திரண்டு சதவீதம் என்றது, யோசித்தது, இருபத்துமூன்று என்றது. விமானம் மட்டும் அவசரமாகக் கீழே போனது.

“இன்னாண்ணே இது, காண்ட்ராக்ட் ஆளு பர்மனென்ட் ஆவற மாதிரி ஏறிகினு இருக்குது?”

விமானம் தரையில் மோதி, திரை சிவந்து நின்றது. டீ கொண்டுவந்த டெய்சி, உள்ளே எத்தனை பேர் என்று விசாரித்தாள். நூற்றெண்பது என்றான் ஃபெலிக்ஸ்.

“டர்பைனை அவசரப்படுத்தக் கூடாதுடா,” என்றார் சைமன்ராஜ்.

“ஆகாசத்துல நின்னு சூடேத்திக்க எடம் ஏதுண்ணே?”

சைமன்ராஜ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். நாற்பதை அழித்து எட்டு என்று போட்டார். ஃபெலிக்ஸ் மறுபடி தள்ளினான். விமானம் கொக்கு மாதிரி எழும்பிப் போயிற்று.

சனிக்கிழமை அனுப்பிய கோப்பைக் கேப்டன் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்ன நேரம் அன்று நாலு மணி. இப்போது நாலேகால். ‘ஒரு சின்னத் திருத்தம்’ என்று சைமன்ராஜ் அவருக்குப் போனில் மெசேஜ் அடித்தார், அழித்தார். ‘தவறுதலாக’ என்று அடித்தார், அதையும் அழித்தார். மூன்றாவது வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கேப்டன்தான்.

“என்னாங்க, எடுங்களேன்,” என்றாள் டெய்சி.

“எடுக்கறேன். எதையும் மெதுவாத்தான் ஏத்தணும்,” என்று சைமன்ராஜ் போனை மேஜைமேல் வைத்தார்.

ஃபெலிக்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். எட்டு தாண்டியது. பதினொன்று, பன்னிரண்டு. மேஜைமேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது.